மஞ்சள் துணைக்கு வரலாம், மருந்தை நிறுத்தலாமா?

மலத்தில் இரத்தம் கண்டால், "மூலம்தான், சூடு" என்று சொல்லி நாட்டு மருந்திலேயே மாதங்களைக் கடத்துகிறவர்கள் நம்மிடையே நிறைய. மூலமாகவும் இருக்கலாம். ஆனால் இரத்தத்தோடு சளியும், நாளுக்குப் பலமுறை வயிற்றுப்போக்கும், எடைக் குறைவும் சேர்ந்து வந்தால் அது குடல் அழற்சி நோயாக இருக்கக்கூடும். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது குரோன்ஸ் நோய். மலேசிய, சிங்கப்பூர் ஆய்வுகளில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடமே கொலைட்டிஸ் அதிகம் காணப்பட்டிருக்கிறது.

"மஞ்சள் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2006-ல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில், நோய் தணிந்திருந்த கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு மஞ்சளிலுள்ள குர்குமின் நாளுக்கு 2 கிராம் வீதம் 6 மாதம் கொடுத்தார்கள். அவர்களில் 43 பேரில் 2 பேருக்கே நோய் திரும்பியது. வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. நல்ல பலன்தான். ஆனால் இரு தரப்பினருமே வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை. இதை மட்டும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். 2 கிராம் வேண்டுமானால் 60 கிராமுக்கு மேல் தூள் சாப்பிட வேண்டும். எந்தக் குழம்பு தாங்கும்? அதனால்தான் மாத்திரை விற்கிறது. மிளகுச் சத்து சேர்த்த மாத்திரைகளை உடல் கூடுதலாக ஈர்க்கும். அவற்றால் கல்லீரல் வீங்கிய சம்பவங்களும் பதிவாகியுள்ளன.

இசப்கோல் உமியை நாம் மலச்சிக்கலுக்கு மட்டுமே அறிவோம். 1999-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், அதே செடியின் விதை, கொலைட்டிஸ் திரும்பாமல் காப்பதில் மெசலமின் மருந்துக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. ஆனால் குரோன்ஸ் நோயால் குடல் குறுகியவர்கள் இதைத் தொடக்கூடாது, அடைத்துக்கொள்ளும்.

சாப்பாட்டில் எல்லாருக்கும் பொருந்தும் பட்டியல் கிடையாது. நோய் முற்றிய நாட்களில் கஞ்சி, இட்லி, நன்கு வெந்த காய், மீன் ஒத்துக்கொள்ளும்; சம்பல், பச்சைக் காய்கறி, சோளம், கொட்டைகள் தொல்லை தரலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர் தே தாரிக்கை நிறுத்திப் பார்க்கலாம். மற்றவர்கள் ஏன் நிறுத்த வேண்டும்? பயத்தில் ஒவ்வொன்றாக ஒதுக்கி எலும்பும் தோலுமாக ஆவதுதான் பெரிய ஆபத்து.

பதிவில்லாத ஜாமுவும் சூரணமும் இன்னொரு தொல்லை. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு இந்நோயை உண்மையிலேயே தணிக்கும். நோயாளியோ மூலிகைதான் குணமாக்கியது என்று நம்பி டாக்டரின் மாத்திரையை விட்டுவிடுவார். சூரணம் தீர்ந்ததும் நோய் சீறிக்கொண்டு வரும், உடலும் தளர்ந்துவிடும். மலேசியாவில் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் உண்டா என்று பாருங்கள். அந்த எண் இருந்தாலும் நோயைக் குணமாக்கும் என்று பொருளில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.