மூத்தவாப்பாவின் நீலச் சேர்ட்டும் ஒரு துண்டுத்துணிப் போர்வையும்

எங்கள் வீட்டில் உம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் உரப்பை இருக்கும். உள்ளே இருப்பது உரமல்ல, வெட்டுத்துண்டுகள். அயலவர்களுக்குச் சல்வார், சட்டை, பாடசாலைச் சீருடை என்று தைத்துக் கொடுத்தபின் மிஞ்சுவதை உம்மா அதற்குள் போட்டு வைப்பார். பை நிரம்பினால் அவை கால்மிதியாகும், சட்டி பிடிக்கும் துணியாகும், அல்லது அடுப்பு மூட்டப் போய்விடும்.

ராத்தாவுக்கு முதற் பிள்ளை கிடைக்க இருந்தபோது, அந்தப் பையிலிருந்து பிள்ளைக்கு ஒரு போர்வை தைப்போம் என்று நினைத்தேன். அதை எப்படித் தைத்தேன், எந்த இடத்தில் பிழைவிட்டேன் என்று எழுதினால் சக மாணவியருக்கும் அவர்களது உம்மாமாருக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வயலில் பிறந்த பெயர்கள்

சிறு துண்டுகளைப் பொருத்தி ஒரு சதுரக் கட்டம் தைப்பது, அப்படியான பல கட்டங்களை இணைத்துப் போர்வையாக்குவது, இதுதான் முறை. பல நாடுகளில் இந்தக் கலை உண்டு. ஆனால் கட்டங்களுக்குத் தோட்டத்தையும் வயலையும் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவின் விவசாயக் குடும்பப் பெண்கள். 'வெண்ணெய் கடையும் மத்து' என்றொரு கட்டம். அதே கட்டத்தை வேறிடத்தில் 'களஞ்சியக் கதவின் ஓட்டை' என்பார்கள். 'பறக்கும் வாத்துகள்' என்றொன்று. 'மரக்குற்றி வீடு' என்பது இன்னொன்று. இந்த மரக்குற்றிக் கட்டங்களை ஒரே சாய்வாக அடுக்கினால் 'நேர் உழவுச்சால்' என்று பெயர்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், இவற்றில் எதுவும் படம் அல்ல. வாத்துக்குக் கண்ணும் இல்லை, சிறகும் இல்லை. ஒரு முக்கோணத்துக்கு மேல் இன்னொரு முக்கோணம், அவ்வளவுதான். அறிந்தவர் கண்ணுக்கு அது வாத்துக் கூட்டம்.

துணி வாங்கப் பணமில்லாத காலத்தில் எதுவும் வீணாகவில்லை. 1930களில் கோதுமை மாவும் கோழித்தீனும் பூப்போட்ட பருத்திப் பைகளில் விற்பனைக்கு வந்தன. பைகளின் தையலைப் பிரித்துப் பெண்கள் சட்டையும் போர்வையும் தைத்தார்கள். அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு ஊர் உண்டு. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் அருங்காட்சியகங்களில் தொங்கவிடப்பட்டன. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரைகளிலும் வந்தன. அவர்களுள் மிசோரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் 1942இல் அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். இதை வாசித்த அன்றுதான் எனக்கு மூத்தவாப்பாவின் சேர்ட் நினைவுக்கு வந்தது.

மூத்தவாப்பா வயல்காரர். பெரும்போகம் வந்துவிட்டால் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார், வயல் வாடிதான் அவருக்கு வீடு. அவர் மௌத்தானபின் உடுப்புகளையெல்லாம் சதக்காவாகக் கொடுத்துவிட்டோம். ஒரு வெளிர்நீலச் சேர்ட்டை மட்டும் மூத்தம்மா அலுமாரியில் வைத்திருந்தார். போர்வையைப் பற்றிச் சொன்னதும் அதை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "புள்ள அவரக் காணப் போறதில்ல. இதயாவது காணட்டும்" என்றார்.

துணியைத் தெரிதல்

பச்சைப்பிள்ளைக்குப் பருத்தித் துணியே நல்லது. வியர்வையை உறிஞ்சும், அடிக்கடி கழுவலாம். ஒரு துண்டு பருத்தியா என்று சந்தேகம் வந்தால் நூலொன்றை இழுத்துப் பெரியவர் ஒருவரின் முன்னிலையில் தீயில் காட்டிப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிவதுபோல மணந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.

எல்லாத் துண்டுகளையும் முதலில் கழுவிக் காயவைத்து அயன் பண்ண வேண்டும். தைத்தபின் ஒரு துண்டு மட்டும் சுருங்கினால் கட்டம் முழுவதும் கோணும். சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் போதும். என்னிடமிருந்த மருதமுனைக் கைத்தறித் துண்டொன்று வெள்ளைத் துணியைச் சிவப்பாக்கியது. மூன்று முறை கழுவியபின்தான் அதைச் சேர்த்தேன். வெள்ளைக்கு எனக்குச் செலவே இல்லை. பாடசாலையில் தரும் இலவசச் சீருடைத் துணியில் மிஞ்சிய துண்டுகள் பையில் நிறையக் கிடந்தன.

கால் அங்குலக் கணக்கு

என் பிழை இங்கேதான் நடந்தது. ஒன்பது சதுரங்களை மூன்று மூன்றாக அடுக்கினால் 9 அங்குலக் கட்டம் வரவேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் 3 அங்குலம் என்று கணக்குப் போட்டேன். கட்டமொன்றுக்கு ஐந்து நீலச் சதுரம், ஐந்து கட்டத்துக்கு 25. ஒரே மூச்சில் மூத்தவாப்பாவின் சேர்ட்டிலிருந்து 25 சதுரங்களையும் வெட்டி முடித்தேன். முதற் கட்டத்தைத் தைத்து அளந்தபோது அடிமட்டம் 8 அங்குலம் காட்டியது. ஓரத் தையலும் போனால் மிஞ்சுவது ஏழரை.

தையலுக்குள் போகும் துணியை நான் கணக்கில் எடுக்கவில்லை. இந்த வேலையில் ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் உள்ளே மறையும். இரு பக்கமும் சேர்த்தால் அரை அங்குலம். 3 அங்குலம் வேண்டுமானால் 3½ வெட்ட வேண்டும். சேர்ட்டில் மிஞ்சியிருந்ததோ கொலரும் முழங்கை தேய்ந்த கைகளும்தான்.

நான் அழுதுவிட்டேன். மூத்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சதுரங்களை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார். "வெட்டினதப் பெருசாக்க ஏலாது கிளி. சின்னதாக்க ஏலும். சின்னத் துண்டு எங்க தேவை எண்டு பாரு" என்றார்.

பார்த்தேன். பறக்கும் வாத்துக் கட்டத்தில் வாத்தின் இரு பக்கமும் வரும் வானத்துக்கு 2 அங்குலச் சதுரங்கள் தேவை. இரண்டு கட்டங்களுக்கு மொத்தம் 24. தைத்ததைப் பிரித்து, நீலச் சதுரங்களை 2 அங்குலமாக வெட்டினேன். திட்டமே மாறியது. இப்படித்தான் கீழே உள்ள அமைப்பு வந்தது.

ஒன்பது கட்டங்கள்

நடுவில் வாடி. நான்கு மூலையிலும் மத்து. மேலும் கீழும் பறவைகள். இடமும் வலமும் வரம்பு. எல்லாம் தைத்து முடிந்தபின் 9 அங்குலம், அதாவது தனிக் கட்டமாக அளக்கும்போது 9½.

வாடி: கூரைக்கு 5 × 9½ அங்குலத் துண்டொன்று. அதன் இரு முனையிலும் 5 அங்குல வெள்ளைச் சதுரத்தை வைத்து, மூலைக்கு மூலை சாய்வாகத் தைத்து, தையலுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டி, விரித்து அயன் பண்ணினால் முக்கோணக் கூரை வரும். கீழே 3½ × 5 அங்குலத் துண்டுகள் மூன்று: சுவர், கதவு, சுவர்.

பறவைகள்: இதே கூரை முறைதான், அளவுதான் சிறியது. 2 × 3½ அங்குலத் துண்டொன்று பறவை, 2 அங்குலச் சதுரம் இரண்டு வானம். ஆறு பறவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்து, இரு பக்கமும் 3½ × 9½ அங்குலப் பட்டி சேர்க்க வேண்டும். அமெரிக்கப் பெண்கள் வாத்து என்றார்கள். நான் பறவைகளை வெள்ளையில் வெட்டியதால் எங்கள் வீட்டில் அவை கொக்குகளாகிவிட்டன.

வரம்பு: இது மரக்குற்றிக் கட்டம். நடுவில் 3½ அங்குலச் சிவப்புச் சதுரம். அந்த நாட்டில் இதை வீட்டின் அடுப்பு என்பார்கள். அதைச் சுற்றி 1½ அங்குல அகலப் பட்டிகளை ஒரு பக்கம் மாறி ஒரு பக்கமாக மூன்று சுற்றுச் சேர்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு இளம்பயிரின் பச்சை, மற்ற இரண்டுக்கும் வைக்கோலின் மஞ்சள். நீளமான மெல்லிய துண்டுகள் வீணாகாத கட்டம் இது.

மத்து: மூலைகளுக்கு அரை முக்கோணச் சதுரங்கள் நான்கு தேவை. வெள்ளையொன்றும் நிறமொன்றும் முகத்துக்கு முகம் வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடிழுத்து, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் ஒரே தடவையில் இரண்டு கிடைக்கும். இங்கே அரை அங்குலம் கூட்டினால் போதாது. சாய்வுத் தையலும் துணியை உண்ணும். கூட்ட வேண்டியது ¼ × (2 + √2), ஏறத்தாழ 0.85 அங்குலம். வகுப்பில் படித்த பைதகரசின் √2 இங்கே வந்து நிற்கிறது. தைப்பவர்கள் இதை ⅞ என்று எடுப்பார்கள். நான் 4 அங்குலமாக வெட்டித் தைத்து, பிறகு 3½க்குச் சீராக்கினேன். நடுச் சதுரம் 3½ அங்குல வெள்ளை. அதன் நான்கு பக்கமும் 2 × 3½ அங்குல வெள்ளைப் பட்டியும் நிறப் பட்டியும் சேர்த்துத் தைத்த சதுரங்கள் வரும். வெள்ளை வெளிப்பக்கமும் நிறம் உட்பக்கமும் வரும்படி அடுக்கினால் மத்து தெரியும்.

மெஷினில் ஊசிமுனையிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அதைத் தொட்டபடி போனால் தையல் நேராகும். ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்பை வலப்பக்கமும் அயன் பண்ணினால் மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று அமரும்.

மூன்று படையும் ஓர் எச்சரிக்கையும்

கட்டங்களுக்கு இடையிலும் சுற்றிலும் 2½ அங்குலப் பட்டிகள் வைத்தேன். வரிசைக்குள் வருபவை 9½ நீளத்தில் ஆறு. குறுக்கே 31½ நீளத்தில் நான்கு. இரு ஓரத்துக்கும் 35½ நீளத்தில் இரண்டு. போர்வை 35 அங்குலச் சதுரமாக வந்தது.

குளிர் நாடுகளில் நடுவே பஞ்சு வைப்பார்கள். எங்கள் வெக்கைக்கு அது வேண்டாம். வாப்பாவின் பழைய சாரனொன்றை நடுவிலும், கழுவிக் கழுவி மெதுவான படுக்கை விரிப்பொன்றை அடியிலும் வைத்து, மூன்று படையையும் கையால் ஓட்டுத்தையல் போட்டு இணைத்தேன். ஓரத்துக்கு 2½ அங்குலப் பட்டியை இரண்டாக மடித்துச் சுற்றிலும் தைத்தேன். ஏறத்தாழ 150 அங்குலம் தேவைப்பட்டது. பொத்தான், மணி, தொங்கும் நாடா எதுவும் வைக்காதீர்கள். பிள்ளையின் கை முதலில் அதைத்தான் பிடிக்கும், பிடித்தது வாய்க்குள் போகும்.

இன்னுமொன்று. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தூங்கும்போது தளர்வான போர்வை எதையும் படுக்கையில் வைக்கக்கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. முகத்தை மூடினால் பிள்ளையால் விலக்க முடியாது. ஆகவே இதைப் போர்த்துவதற்கு அல்ல, பிள்ளை விழித்திருக்கும்போது ஆள் பார்த்திருக்கத் தரையில் விரிப்பதற்கே கொடுத்தோம்.

நாற்பது கழிந்து சில கிழமைகளின் பின் மருமகளை அதில் குப்புறக் கிடத்தினோம். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய முகத்துக்கு நேரே கொக்குகள், கொக்குகளின் இரு பக்கமும் நீலம். நான் பிழையாக வெட்டியிராவிட்டால் அந்த நீலம் வானமாகியிருக்காது. சரியாக அளந்திருந்தால் வேறு நல்ல இடம் கிடைத்திருக்கும் என்பதும் உண்மைதான். ஆகவே தங்கைமாரே, வெட்டமுன் இரண்டு முறை அளவுங்கள், அரை அங்குலத்தை மறக்காதீர்கள். மறந்துவிட்டால் துணியை எறிந்துவிடாதீர்கள்.

25 சதுரத்தில் 24 போர்வைக்குப் போயிற்று. எஞ்சிய ஒன்றை நான் சின்னதாக்கவில்லை. மூத்தம்மா அதை ஓரம் மடித்துத் தைத்துத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார். ஓதுவதற்கு முன் அதனால்தான் கண்ணாடியைத் துடைக்கிறார்.