மன்றோ இல்லாமல் போயிருந்தால்

உலகத்தின் போக்கை மாற்றிய தனி மனிதர் யார் என்று கேட்டால் வழக்கமாக வரும் பெயர்கள் உண்டு: புத்தர், இயேசு, நபிகள் நாயகம், நியூட்டன், மார்க்ஸ், காந்தி. அமெரிக்கரான மைக்கேல் ஹார்ட் 1978-ல் இப்படி நூறு பேரை வரிசைப்படுத்தி ஒரு புத்தகமே எழுதினார். நபிகள் நாயகத்துக்கு முதலிடம், நியூட்டனுக்கு இரண்டாமிடம், காகிதத்தோடு பெயர் சேர்ந்துவிட்ட சீனரான சாய் லூனுக்கு ஏழாமிடம். அந்த வரிசை சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒருவர் புகழை அளக்கிறார், இன்னொருவர் பின்பற்றுவோரின் எண்ணிக்கையை அளக்கிறார், மூன்றாமவர் தமக்குப் பிடித்தவரை முன்னே நிறுத்துகிறார்; பிறகு எப்படி ஓயும்? என் கணக்கில் பொருட்படுத்தத்தக்க சோதனை ஒன்றுதான். அந்த மனிதர் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லாமல் போயிருந்தால், அதே காரியத்தை வேறொருவர் செய்து முடித்திருப்பாரா? முடித்திருப்பார் என்றால், அவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் வரலாற்றைத் திருப்பியவர் ஆகமாட்டார். உயிர்களின் பரிணாமத்தை விளக்கியவர் டார்வின் ஒருவர்தான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 1858-ல் அதே முடிவுக்கு வாலஸ் தனியாக வந்து சேர்ந்திருந்தார். இருவரின் எழுத்தும் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. நுண்கணிதத்தை நியூட்டன் கண்டிராவிட்டாலும் லைப்னிட்ஸ் கையில் அது இருந்தது. கண்டுபிடிப்பாளர்களில் பெரும்பாலோர் இந்தச் சோதனையில் பின்னுக்குப் போய்விடுகிறார்கள்.

சோதனையைச் சொல்வது எளிது, நடத்துவது கடினம். நடந்து முடிந்த வரலாற்றிலிருந்து ஒருவரை உருவி எடுத்து, மறுபடி ஓடவிட்டுப் பார்க்க முடியாது. ஆனால் அபூர்வமாகச் சில சமயம் வரலாறே ஒரு மனிதரை ஓரிடத்திலிருந்து அகற்றி, என்ன ஆகிறதென்று காட்டி, அவரைத் திரும்பவும் கொண்டுவந்து வைக்கிறது. அப்படியொரு சம்பவம் தருமபுரியில் தொடங்கியது. இன்று பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்துப் பேரூராட்சியாக இருக்கும் கடத்தூரையும் சுற்றுப்புற ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். இங்கே மானாவாரிக் காட்டில் கேழ்வரகு விதைக்கும் ஒரு சிறு விவசாயி தன் நிலத்துக்கான பட்டாவைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறார். அவருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே ஜமீன்தாரும் இல்லை, மிட்டாதாரும் இல்லை. இதை இயல்பான நிலை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது கைநழுவிப் போக இருந்தது, உண்மையில் ஒருமுறை போயும்விட்டது. திரும்பி வந்ததில் ஒரே ஒரு மனிதரின் பிடிவாதத்துக்கு இருக்கும் பங்கு மிகப் பெரியது. அவர் தாமஸ் மன்றோ.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தம் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். அதில் பாராமகாலும் சேலமும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதில் அடங்கும். வரி வசூலுக்கு ஆள் தேடிய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளை நம்பவில்லை. மக்களின் மொழியோ வழக்கமோ அவர்களுக்குத் தெரியாது என்பது அவர் முடிவு. அதனால் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரியைத் தலைவராக்கி, அவருக்குக் கீழே மூன்று இளம் ராணுவ அதிகாரிகளை அனுப்பினார். அவர்களில் ஒருவர் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்து, 1780-ல் சாதாரணப் படைப்பயிற்சி மாணவராகச் சென்னைக்கு வந்த மன்றோ. அவர் தங்கியது தருமபுரியில். ஏழாண்டு காலம் கூடாரமும் குதிரையுமாக ஊர் ஊராகச் சுற்றினார். கர்ணம் சொல்லும் கணக்கைக் கேட்டு, நிலத்தை அளக்கச் செய்து, எந்தக் காடு யார் உழுவது, அதற்கு என்ன தீர்வை என்று தனித்தனியாக எழுதவைத்தார்கள் இந்த அதிகாரிகள். ஒவ்வொரு குடியானவரோடும் அரசாங்கமே நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் இந்த முறைக்குத்தான் பிறகு ரயத்துவாரி என்று பெயர் நிலைத்தது.

இதே நேரத்தில் வங்காளத்தில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1793-ல் அதே காரன்வாலிஸ் அங்கே நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஜமீன்தார்களை நிலத்தின் சொந்தக்காரர்களாக்கி, அவர்கள் கட்ட வேண்டிய தொகையை என்றென்றைக்குமாக நிர்ணயித்தார். குடியானவர் ஜமீன்தாரின் குத்தகைக்காரர் ஆனார். ஆக, ஒரே கம்பெனி, ஒரே பணத்தேவை, ஏறக்குறைய ஒரே ஆண்டுகள். ஆனால் நேர்எதிரான இரண்டு வழிகள். பெரிய பொருளாதாரச் சக்திகள்தான் வரலாற்றை நடத்துகின்றன, தனி மனிதர் வெறும் கருவி என்று சொல்கிறவர்களுக்கு இந்த இடம் சங்கடமானது. கம்பெனிக்கு வரி தேவைப்பட்டது என்பது, வரி வசூலிக்கப்படும் என்பதை மட்டும்தான் விளக்கும். யாரிடமிருந்து, யார் வழியாக, யார் பெயரில் என்பதை அது விளக்காது.

இனி சோதனைக்கு வருவோம். 1799-ல் திப்பு வீழ்ந்ததும் ரீடின் குழு பாராமகாலிலிருந்து கலைந்தது; மன்றோ முதலில் கன்னட நாட்டுக் கடற்கரைக்கும், 1800-ல் பெல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்கும் மாற்றப்பட்டார். அவர்கள் போன சில ஆண்டுகளிலேயே வங்காளத்து முறையைச் சென்னை மாகாணத்திலும் புகுத்த வேண்டும் என்ற மேலிடத்து உத்தரவு வென்றது. 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. தருமபுரியும் சேலமும் மிட்டாக்களாகத் துண்டு போடப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. ஏலம் எடுத்தவர் மிட்டாதார் ஆனார். ரீடும் மன்றோவும் வயல்வாரியாகப் பேசி முடித்த ஏற்பாடு, அது பிறந்த மண்ணிலேயே கழற்றி எறியப்பட்டது. அதோடு நிற்கவில்லை. 1807-ல் மன்றோ விடுப்பில் இங்கிலாந்து கிளம்பியதும், அவர் பார்த்துப் பார்த்து அமைத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளிலும் அவர் முறை நிறுத்தப்பட்டு, ஊரை மொத்தமாக மூன்றாண்டுக் குத்தகைக்கு விடும் வழக்கம் வந்தது. ஆள் நகர்ந்தார், முறையும் சாய்ந்தது. இரண்டு முறை, இரண்டு இடங்களில்.

லண்டனில் மன்றோ சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் விவாதம் நடந்த 1813-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் சாட்சி சொன்னார். கம்பெனி இயக்குநர்களிடமும் அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரிகளிடமும் தொடர்ந்து எழுதினார், பேசினார். அதற்கு முந்தைய ஆண்டே இயக்குநர்கள் மனம் மாறி, ரயத்துவாரிக்குத் திரும்பும்படி சென்னைக்கு ஆணை அனுப்பியிருந்தார்கள். சென்னையின் வருவாய் வாரியமோ கிராமக் குத்தகைதான் நல்லது என்று வாதிட்டது. வாரியத்தில் இருந்தவர்கள் அசட்டு ஆட்கள் அல்லர். திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் போன்ற அறிஞர்கள் ஊர்க் கூட்டுரிமையையும் மிராசு வழக்கத்தையும் ஆராய்ந்து எழுதிய காலம் அது. மன்றோ 1814-ல் திரும்பி வந்தார். 1820-ல் சென்னை மாகாண கவர்னரே ஆனார். அதன் பிறகே ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாக நிலைத்தது. பம்பாய் மாகாணமும் பின்னால் தன் வழியில் அதையே எடுத்துக்கொண்டது.

மிட்டாக்கள் பல தாமாகவே நொடித்துப் போயின, ஆகவே மன்றோ இல்லாவிட்டாலும் பழைய ஏற்பாடு திரும்பியிருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். வலுவான மறுப்புதான். ஆனால் வங்காளத்திலும் முதல் இருபது ஆண்டுகளில் ஏராளமான ஜமீன்கள் பாக்கியில் மூழ்கி ஏலத்துக்கு வந்தன. அங்கே கம்பெனி குடியானவரிடம் திரும்பவில்லை. வேறு பணக்காரரிடம் ஜமீனை விற்றது. முறை தோற்றால் அதன் இடத்தில் எது வரும் என்பது தானாக முடிவாவதில்லை. சென்னையில் கிராமக் குத்தகை என்ற மூன்றாவது வழி தயாராகக் காத்திருந்தது. ஊர்ப் பெரியதனக்காரர்களின் கையில் மற்றவர்களை ஒப்படைக்கும் வழி அது. அதைத் தடுத்தவர் ஒருவர்தான்.

இன்னொரு மறுப்பு, இது புதிதே அல்ல என்பது. மைசூரை ஆண்ட ஹைதரும் திப்புவும் பாளையக்காரர்கள் பலரை ஒதுக்கிவிட்டு, அமில்தார்கள் என்ற அரசு அதிகாரிகள் மூலம் வரி வாங்கியவர்கள். குடியானவரோடு நேரடியாகப் பேசுவது இந்நாட்டின் பழைய வழக்கம் என்று மன்றோவே வாதாடினார். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பழைய வழக்கம் ஒன்று அழியப்போகும் வேளையில் அதைப் பிடித்து நிறுத்துவதும் வரலாற்றைத் திருப்புவதுதான். புதியதைச் செய்தவருக்கு மட்டும் பட்டியலில் இடம் என்பது நம் காலத்தின் மோகம். ரீடைப் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. பாராமகாலில் மூத்தவர் அவர். 1796-ல் குடியானவர்களுக்கு அவர் விடுத்த அறிவிப்பு இல்லாமல் மன்றோவின் பிற்காலக் கொள்கை இல்லை. சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் சிலையாக இருப்பவர் மன்றோ. ரீடின் பெயரோ வரலாற்று மாணவர்களைத் தாண்டி வெளியே வரவில்லை. இது அநீதி. ஆனாலும் ரீடு ஊர் திரும்பியபின் அந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. தொடங்கியவருக்கு உரிய மரியாதை ரீடுக்கு, பாதையைத் திருப்பியவர் மன்றோ என்பதே என் தீர்ப்பு. நிலத்தை உண்மையில் அளந்த கர்ணங்களுக்கும், தங்கள் காட்டைக் காட்டிக் கொடுத்த குடியானவர்களுக்கும் இதில் பங்குண்டு. அவர்கள் இல்லாமல் எந்தத் துரையாலும் ஒரு பக்கம் எழுதியிருக்க முடியாது.

திருப்பம் எவ்வளவு தூரம் போனது? பொருளாதார அறிஞர்களான அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ஜமீன் முறை இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டது. ஆங்கிலேயர் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும், ஜமீன் மாவட்டங்கள் விவசாய முதலீட்டிலும் விளைச்சலிலும் பின்தங்கியிருந்தன. பள்ளி, மருத்துவ வசதிகளிலும் அதே நிலை. சட்டம் போட்டு ஜமீனை ஒழித்த பிறகும் தழும்பு போகவில்லை. நம் பக்கத்தில் 1948-ல் ஓமந்தூரார் ஆட்சிக் காலத்தில் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டபோது, அந்த நிலங்களை எந்த முறைக்கு மாற்றுவது என்ற குழப்பமே எழவில்லை. ரயத்துவாரிக்கு மாற்றுவதாக அந்தச் சட்டத்தின் பெயரிலேயே எழுதினார்கள். ஒரு பேரரசு போய் ஒரு குடியரசு வந்தபோதும் நின்ற ஏற்பாடு அது.

போக்கை மாற்றினார் என்றால் நன்மை செய்தார் என்று பொருளல்ல. ரயத்துவாரியின் தீர்வை கொடுமையாக இருந்தது. அதிகம் என்று மன்றோவே உணர்ந்து, பெல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்குக் கால் பங்கு குறைக்கச் சொல்லி 1807-ல் எழுதினார். அவர் கவர்னராகும்வரை அது நடக்கவில்லை. வரிப் பாக்கிக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855-ல் அரசு நியமித்த குழுவே பதிவு செய்தது. 1876-78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அழிந்தபோது, பட்டா யாருக்கும் கஞ்சி ஊற்றவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பட்டாவில் பெயர் ஏறியவர் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தாரே தவிர, அந்த நிலத்தில் உழைத்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. பண்ணையாள், குத்தகைக்காரர், தாழ்த்தப்பட்டவர் ஆகியோரில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் இல்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கும் அரசாணை 1892-ல்தான், அதுவும் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் வந்தது. அந்தப் பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டம் தமிழ்நாட்டில் இன்னும் முடியவில்லை. பசலி என்னும் வருவாய் ஆண்டு ஒவ்வொன்றின் முடிவிலும் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி என்னும் கணக்குத் தணிக்கை நடக்கும்போது, பட்டா கேட்டு மனுவோடு நிற்பவர்களில், 1792-ல் தொடங்கிய அந்தக் கணக்கில் தங்கள் முன்னோர் பெயர் ஏறாதவர்களும் உண்டு.