மாநாடு முடிந்த மறுநாள்: வன்னிக்கு வருவோருக்குச் சில குறிப்புகள்

வவுனியாவுக்கு அப்பால் ஆராய்ச்சி மாநாடு நடைபெறும், அதற்குக் கட்டுரை வாசிக்க வெளியூர்ப் பேராசிரியர்களும் மாணவர்களும் வருவார்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எவரேனும் கூறியிருந்தால் கேட்டவர்கள் நகைத்திருப்பார்கள். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடமும் விவசாயபீடமும் கிளிநொச்சிக்குத் தெற்கே அறிவியல்நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. மாநாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் வருகிறவர்களிற் பெரும்பாலோர் மண்டபத்தையும் விடுதியறையையும் கண்டு, ஏ-9 வீதியாலேயே திரும்பிவிடுகிறார்கள். மறுநாள் ஒன்றைக் கூடுதலாக ஒதுக்கிப் புதுக்குடியிருப்புப் பக்கம் போய்வருவது எப்படி என்பதே இங்கு நாம் சொல்லவந்த விஷயம்.

கொழும்பிலிருந்து வருவோருக்கு இரயிலே வசதி. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் வடக்கை மறந்தது. 2013 செப்டெம்பரிலேதான் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. பாதைத் திருத்தத்தாலோ வெள்ளத்தாலோ சேவை இடையிடையே நின்றுபோவதுண்டாகையால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுதல் நன்று.

பஸ்ஸிற் செல்வோர் ஒன்றை மறத்தலாகாது. புதுக்குடியிருப்பு என்ற பெயரில் மட்டக்களப்பிலும் ஓர் ஊர் உண்டு, மன்னாரிலும் உண்டு. வெறுமே "புதுக்குடியிருப்பு" என்று சீட்டுக் கேட்பதிலும் "முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பு" என்று ஒரு சொல் கூட்டிக் கேட்பது பல மணிநேர அலைச்சலைத் தவிர்க்கும். இதை எழுதுபவன் அனுபவித்தே எழுதுகிறான் என்பதை வாசகர் ஊகித்திருப்பர்.

கிளிநொச்சியிலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றாற் பரந்தன் சந்தி. ஆனையிறவு உப்பைக்கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை இருந்த ஊர் இது. இங்கே வலப்புறம் திரும்பும் ஏ-35 வீதி தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு வழியாகப் புதுக்குடியிருப்பை அடைந்து, அப்பால் முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் கடந்து முல்லைத்தீவில் முடிகிறது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுவரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். விசுவமடுவில் மிளகாய்த் தோட்டங்களைக் கண்டால் அவற்றின் கதையையும் நினைத்துக்கொள்ளலாம். 1960களிற் படித்த வாலிபர்களுக்கென இங்கும் முத்தையன்கட்டிலும் காணி வழங்கப்பட்டது. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் அவர்களுக்குப் பொன்னாய் விளைந்தன.

திரும்பும்போது வேறு வழியாகத் திரும்புக. புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டான் சென்று, தான்தோன்றீஸ்வரரை வணங்கி, மாங்குளத்தில் ஏ-9 வீதியைப் பிடிக்கலாம். ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவிற் பண்டாரவன்னியன் நினைவுக்கல்லைக் காணலாம். 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியவன், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் இங்கே ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றான். மாணவர் உடன் வந்தால் இருபது நிமிடம் ஒதுக்குக. வெயில் சாய்ந்தபின் அவ்வீதியிற் பயணம் வேண்டாம், யானை கடக்கும்.

முற்காலத்தில் வன்னிக்கு மாற்றம் வந்த உத்தியோகத்தரின் வீட்டில் அழுகை கேட்கும் என்பார்கள். மலேரியா அவ்வளவு கொடியதாக இருந்தது. அந்த அச்சம் இனி வேண்டியதில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. டெங்கு நுளம்பு அப்படியன்று. அதற்குக் காப்புத் தேவை. கொதித்தாறிய நீரையே பருகுக. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். குடையைவிட உயரமான செருப்பு உதவும். ஆடியிலே சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும். தலைக்கு ஒரு துண்டு போதும்.

இன்னொரு எச்சரிக்கை, இது விளையாட்டன்று. முல்லைத்தீவு மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையையோ, சிவப்புத் தலையுடைய தடிகளையோ கண்டால் அப்பால் ஓரடியும் வைத்தலாகாது. பலகை இல்லாவிடினும் பற்றைக்குள் இறங்காது, மக்கள் நடந்து பழகிய பாதையிலேயே செல்க. பிள்ளைகள் எதையேனும் பொறுக்கிவந்து "இது என்ன?" என்று கேட்குமுன் இதைச் சொல்லிவைத்தல் வேண்டும்.

இனிப் புதுக்குடியிருப்பு. பெயரிலேயே புதுமை உண்டு. ஆனால் இன்று காணும் ஊர் இரண்டாம் முறை புதிதானது. 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் இங்குள்ள ஆஸ்பத்திரி எறிகணைகளுக்கு இலக்காயிற்று. நோயாளர்கள் கடற்கரைப் பக்கம் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலும் நந்திக்கடலோரத்திலும் போர் முடிந்தது. உயிர் தப்பியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபோதும் இப்பகுதியார் சிலர் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தனர். ஆகவே சந்தியிற் காணும் கடைகளையும் வீடுகளையும் பார்த்து "நன்றாக வளர்ந்துவிட்டதே" என்று வியக்குமுன் சற்று நிதானித்தல் நலம்.

நண்பர் ஒருவர், கல்லூரி ஆசிரியர், ஒருமுறை என்னுடன் வந்தார். தேநீர்க்கடையில் அமர்ந்தவுடன் கடைக்கார அம்மாவிடம், "யுத்தத்தின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அவர் கெட்டவரல்லர், அறிய வேண்டுமென்ற ஆவல்தான். அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே, "ஐயாவுக்குத் தேத்தண்ணியோ, கோப்பியோ?" என்றார். நண்பர் முகம் சிவந்துபோனார். தேநீர் வந்தது, பனங்கட்டித் துண்டுடன். சிறிது நேரம் சென்றபின் நான் முற்றத்துப் பலாவைக் காட்டி, "எப்போது காய்த்தது, அம்மா?" என்றேன். அம்மா அருகே வந்து நின்றார். "இந்தப் பிலா நான் திரும்பி வந்து வைச்சது, ஐயா. முந்தி இதிலை ரெண்டு நிண்டது" என்றார். பிறகு அரைமணி நேரம் அவரே பேசினார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

கிளிநொச்சி வழியே வரும்போதும் இதே எண்ணம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காக அங்கே கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கையில் மகனின் படத்தை ஏந்தி நிற்பவரைக் கேளாமற் படம் பிடிப்பது, பிணவீட்டிற் படம் பிடிப்பதற்கு ஒப்பாகும். மே மாத நடுவில் வருவோருக்கு முள்ளிவாய்க்காற் கஞ்சி கிடைக்கும். அரிசியும் உப்பும் நீருமே. இறுதி நாட்களில் அங்கே சிக்குண்டவர்களுக்கு உணவாயிருந்தது அதுவே. நீட்டினால் இரு கையாலும் வாங்கி, நின்று குடித்துவிட்டுச் செல்க. காசு கொடுக்க முற்படுதல் கூடாது.

வைகாசிப் பொங்கலுக்கு வருவோர் நந்திக்கடற்கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைத் தவறவிடலாகாது. அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பது மரபு. அன்றைய சனநெரிசலில் வாகனம் நகராது. தொலைவில் இறங்கி நடப்பதே விரைவு.

சாப்பாட்டுக்கு வருவோம். சிவப்பரிசிச் சோறும் நந்திக்கடல் இறாலும் கிடைத்தால் வேறெதையும் தேடவேண்டாம். சைவர்களுக்கு மரக்கறியும் எருமைத்தயிரும் உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோக வறுத்த கச்சானும் (தமிழ்நாட்டார் நிலக்கடலை என்பர்) புழுக்கொடியலும் தேனும் வாங்கலாம். பெரிய கடையிலன்று, வீதியோரத்திற் பெட்டி வைத்திருப்பவரிடம் வாங்குக. விலை பேசி ஐந்து ரூபா குறைப்பதிற் பெருமையில்லை.

கோடையில் வந்தாற் பாலைப்பழமும் அகப்படும். மஞ்சள் நிறத்தில், தேனூறியிருக்கும். பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு இலேசில் விடாது. ஆதலின் மாநாட்டு மேடையிற் பேசவேண்டியவர்கள் பேச்சு முடிந்தபின் உண்க.