கமுந்திங்: தீர்ப்பில்லாச் சிறை

சிறை என்றதும் குற்றம், விசாரணை, தீர்ப்பு, தண்டனை என்ற வரிசைதான் நம் நினைவுக்கு வரும். காம்பாருக்கு வடக்கே, தைப்பிங் அருகிலுள்ள கமுந்திங் தடுப்பு முகாமில் அந்த வரிசை இருந்ததில்லை. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாகிய 'இசா'வின்படி, காவல் துறை ஒருவரை 60 நாள்வரை அடைத்து வைக்கலாம். ஈராண்டுத் தடுப்புக் காவலுக்கோ அமைச்சரின் கையொப்பம் ஒன்றே போதும். ஈராண்டு முடிந்தால், மீண்டும் ஒரு கையொப்பம்! தண்டனை பெற்ற கைதிக்காவது தன் விடுதலை நாள் தெரியும்.

2007 டிசம்பர் 13இல் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் இப்படித்தான் அடைக்கப்பட்டனர். அவர்களுள் நால்வர் வழக்கறிஞர்கள். ஆனால் எதிர்த்து வாதாடக் குற்றச்சாட்டே இல்லை. ஆட்கொணர்வு மனு போட்டாலும், 1989ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் ஆணையின் நடைமுறையை மட்டுமே நீதிமன்றம் ஆராய முடிந்தது, காரணத்தை அல்ல. ஐவருள் ஒருவரான மனோகரன், முகாமிலிருந்தபடியே 2008 மார்ச்சில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். ஐவரும் 2009இல் வெளிவந்தனர்.

2012இல் 'இசா' நீங்கி 'சொஸ்மா' வந்தது. காவல் 28 நாளாகக் குறைந்தது. அதன்பின் வழக்குத் தொடுத்தாக வேண்டும். ஆயினும் பெண்கள், சிறார், நோயாளிகள் தவிர மற்றவர்க்கு ஜாமீன் கதவு மூடப்பட்டது. விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று 2019 அக்டோபரில் கைதான 12 பேர் மீதான குற்றச்சாட்டுகள் 2020 பிப்ரவரியில் மீட்டுக்கொள்ளப்பட்டன. அதற்குள் ஒரு தீபாவளி அவர்களுக்குத் தடுப்புக் காவலில் கழிந்திருந்தது.