ஓய்வுக் காலத்தில் ஊசியும் நூலும்



ஓய்வூதியம் பெற்று, பிள்ளைகளையும் கடல் கடந்து அனுப்பிய பின், "இனி என்னால் யாருக்குப் பயன்?" என்னும் ஏக்கம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இல்லங்கள் பலவற்றில் குடிகொண்டுள்ளது. அத்தகைய அன்னையர் சிலர், இளமையில் கற்ற சங்கிலித் தையலையும் காம்புத் தையலையும் மீண்டும் கையிலெடுக்கின்றனர். இதனை வெறும் பொழுதுபோக்கென எண்ணிவிடாதீர்கள்.

வண்ண நூல்களால் பூவேலை செய்யும் திறன் ஆண்டவரின் கொடையே என விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரம் கற்பிக்கின்றது. லீமா நகரின் புனித ரோசா (1586–1617) பூத்தையல் செய்தே தம் பெற்றோரைத் தாங்கினார். யோப்பாவில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதவாறு பேதுருவிடம் காட்டியவை அவர் செய்துகொடுத்த ஆடைகளே (திருத்தூதர் பணிகள் 9:39). தபித்தா பேசிய ஒரு சொல்லேனும் அங்கே எழுதப்படவில்லை. அவரது தையலே அவருக்காகச் சான்று பகர்ந்தது.

ஆகவே, தைத்ததை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பங்கு ஆலயத்திற்கு ஒரு பீட விரிப்பு, அயல்வீட்டுக் குழந்தைக்கு ஒரு திருமுழுக்கு ஆடை எனக் கொடுத்து மகிழுங்கள். பார்வை மங்கினால் பெரிய காதுள்ள ஊசியையும் தடித்த நூலையும் எடுத்து, பகல் வெளிச்சத்தில் அமர்ந்து தையுங்கள். அருகிலுள்ள சிறுமி ஒருத்திக்கேனும் ஒரு தையலைக் கற்றுக்கொடுங்கள்.

உங்கள் கைகளின் உழைப்பை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!