ரப்பர் டிரஸ் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணையும் ஒரே மூச்சில் முடிப்பதுதான் டிரையத்லான். இதில் ஆசை வந்ததும் முதலில் கண்ணில் படுவது, வெளிநாட்டு வீரர்கள் மாட்டிக்கொண்டு குதிக்கிற அந்தக் கறுப்பு ரப்பர் டிரஸ். பேரு, வெட்சூட். பாக்கெட் மணியைச் சேர்த்து வச்சு ஆர்டர் பண்ணப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் பண்ணுங்க!

நமக்கு வேணுமா?

சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, கடலூர் சில்வர் பீச்சில் கால் நனைச்சுப் பாருங்க. மார்கழியில்கூட வங்கக்கடல் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது அபூர்வம். ஆனால் டிரையத்லான் விதிப்படி, நம்மளை மாதிரி அமெச்சூர்களுக்கு 1,500 மீட்டர் நீச்சலில் தண்ணீர் 22 டிகிரியைத் தொட்டாலே வெட்சூட்டுக்குத் தடா! டாப் வீரர்களுக்கு 20 டிகிரியிலேயே தடை.

ஏன் இந்தக் கெடுபிடி? வெதுவெதுப்பான தண்ணீரில் ரப்பரை மாட்டிக்கொண்டு கைகாலை வீசினால், உடம்புச் சூடு வெளியேற வழி இருக்காது. தலைசுற்றி மயக்கமே வரலாம். கரையில் மயங்கினால் சோடா வாங்கித் தர நண்பன் இருப்பான். நடுக்கடலில்?

கோவாவில் 2019-ல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியில் 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்தணும். அங்கேயும் நம்ம ஊர் மாதிரி வெதுவெதுப்புதான். டிரை-சூட் எனும் மெல்லிய உடை போதும். பிராக்டீஸில் சொறி மீன் பயமா? முழுக்கை லைக்ரா டி-ஷர்ட் போடுங்க.

அப்போ யாருக்கு?

எம்.எஸ். படிக்க ஜெர்மனியோ, இங்கிலாந்தோ பறக்கப்போகிற சீனியர்களுக்கு! தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அந்த ஊர் ஏரித் தண்ணியோடு விளையாட முடியாது.

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் ஞாபகம் இருக்கா? 1971-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பிய சூரர். அப்பேர்ப்பட்டவர் 1984-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். பத்தே வருஷத்தில், 1994-ல், அதே கால்வாயை 12 வயதில் கடந்தார் நம்ம குற்றாலீஸ்வரன். அந்தக் கால்வாயில் வெட்சூட் போட்டு நீந்தினால் கணக்கில் சேராது. சாதாரண நீச்சல் உடைதான். குளிரை உடம்பாலேயே ஜெயிக்கணும்! டிரையத்லானில் அந்த வம்பு இல்லை. தண்ணீர் ஜில்லுன்னு இருந்தால் உடை உண்டு.

வேலை செய்வது எப்படி?

கொஞ்சம் இன்ஜினீயரிங்! நியோப்ரீன் ரப்பருக்குள் கோடிக்கணக்கான குட்டிக் குட்டி வாயுக் குமிழ்கள். அதுதான் இன்சுலேஷன். உள்ளே நுழையும் கொஞ்சூண்டு தண்ணீரும் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். குமிழ்கள் மிதக்கவும் வைப்பதால் இடுப்பு மேலெழும்பும், வேகம் கூடும். அதனால்தான் 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாதுன்னு விதி.

பார்த்து வாங்குங்க!

* டைவிங், சர்ஃபிங் சூட் வேண்டாம். டிரையத்லான் சூட்டில் தோள்பட்டை மெல்லிசு, வெளிப்புறம் வழவழ.
* உயரம், எடை, மார்பளவு மூணையும் கம்பெனி சார்ட்டோடு ஒப்பிடுங்க. 'எம்', 'எல்' பார்த்து ஏமாறாதீங்க.
* கரையில் போடும்போது இறுக்கமா இருக்கணும். தொளதொளன்னா தண்ணீர் புகுந்து, சூடெல்லாம் காலி.
* நடுமுதுகு, அக்குள், தொடையிடுக்கில் இடைவெளி இருக்கக் கூடாது. கழுத்து ஒட்டணும், ஆனால் மூச்சு முட்டக் கூடாது.
* கையைத் தூக்கி நாலு தடவை நீச்சல் வீச்சு வீசுங்க. தோள் இழுத்தால் வேற சைஸ்.

மாட்டுவது ஒரு கலை

பாதத்தில் பிளாஸ்டிக் கவரை மாட்டி நுழைத்தால் சர்ர்ருன்னு வழுக்கிப் போகும். கணுக்காலில் ஆரம்பித்து, துணியை மேலே மேலே ஏற்றி முதலில் இடுக்கில் உட்கார வையுங்க. அப்புறம்தான் கை, தோள், கடைசியில் ஜிப். நகத்தால் கிள்ளினால் ரப்பர் கிழியும், விரல் நுனியால் பிடிங்க. முடிந்ததும் நல்ல தண்ணியில் அலசி, நிழலில் காயவையுங்க. வெயில்தான் நியோப்ரீனுக்கு வில்லன்.

புதுசு வாங்கியதும் நேராகப் போட்டிக்கு ஓடாதீங்க. முதல் தடவை மாட்டும்போது நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருக்கும், அதிலேயே பதற்றம் வரும். கரையோரமா, கூட ஒரு ஆளை வச்சுக்கிட்டு, நாலஞ்சு முறை நீந்திப் பழகுங்க.

நம்ம ஊரில் இருக்கிற வரைக்கும்? அந்தக் காசில் நல்ல கோச்கிட்ட சேருங்க. தோள் வலுவானால், அதை எந்தக் கடலிலும் எந்த ரூல் புக்கும் கழற்றச் சொல்லாது!