ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே காரா?

சஸ்பென்ஷனையும் சக்கரத்தையும் மாற்றும் மோகம் பெரு நகரங்களைப் பிடித்தாட்டுகிறது. செலவு பல ஆயிரங்கள், சில சமயம் லட்சங்கள். ஆனால் எதை, எந்த வரிசையில் மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

தில்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. ரோடு, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஊர் எதுவானாலும் காட்சி ஒன்றுதான். கடை வாசலில் பளபளக்கும் அலாய் சக்கரங்கள், உள்ளே அடுக்கிய டயர்கள், 'காரைக் கொஞ்சம் இறக்கித் தரமுடியுமா?' என்று விசாரிக்கும் இளைஞர்கள். ஒரு காலத்தில் மாருதி 800-க்கு அகலமான டயர் போடுவதோடு அடங்கியிருந்த இந்த ஆசை, இன்று ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் காயில் ஓவர் என்று விரிந்துவிட்டது.

இதற்குத் தூபம் போட்டதில் ரேஸ் டிராக்குகளுக்கும் பங்கு உண்டு. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்கு 1990ல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் கிடைத்தது. ரேஸ் கார்களை உள்நாட்டிலேயே கட்டிய கரிவரதனின் பெயரில் 2003ல் கோவையில் 2.1 கி.மீ. நீள கரி ஸ்பீட்வே வந்தது. 2011ல் கிரேட்டர் நொய்டாவில் 5.125 கி.மீ. நீள புத்தா சர்க்யூட் திறக்கப்பட்டு ஃபார்முலா ஒன் பந்தயமே வந்து போனது. இன்று சாதாரண கார் வைத்திருப்பவரும் கட்டணம் செலுத்தி, ஹெல்மெட் அணிந்து, இத்தகைய டிராக்குகளில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள் ஏற்பாடு செய்யப்படுகின்றன.

பிரச்னை அங்கேதான் ஆரம்பம். ஞாயிறன்று டிராக்கில் பறக்கும் அதே கார்தான் திங்களன்று குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். வழவழப்பான டிராக் கேட்பது ஒன்று. பள்ளமும் மேடுமான நம் தெரு கேட்பது முற்றிலும் வேறொன்று.

ஸ்பிரிங் செய்யும் வேலை

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும்போது தொடர்ந்து ஆடாமல் அடக்குவது டாம்பர், அதாவது நம் மெக்கானிக்குகள் சொல்லும் ஷாக் அப்சார்பர். இரண்டும் ஜோடி. ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்றை மறந்தால் வண்டி வழிக்கு வராது.

ஸ்பிரிங்கின் விறைப்பு எவ்வளவு என்பதை, கார் ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஆடி எழும் என்ற கணக்கில் பொறியாளர்கள் அளக்கிறார்கள். குடும்பக் கார்களில் இது ஒன்று முதல் ஒன்றரை முறை. வேகத்துக்கென்று தயாராகும் கார்களில் ஒன்றரை முதல் இரண்டு. ரேஸ் கார்களில் இரண்டுக்கும் மேல். எண் ஏற ஏற வளைவில் கார் சாய்வது குறையும், ஸ்டியரிங்குக்கு உடனே பணியும். கூடவே முதுகெலும்பும் ஒவ்வொரு குழியையும் எண்ணத் தொடங்கும்.

சொகுசு போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமா? முடியாது. டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் பிடிப்பு. மேடுபள்ளமான சாலையில் ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைத்திருந்தால், சக்கரம் தரையோடு ஒட்டி ஏறி இறங்காமல் துள்ளும். துள்ளும் கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. டிராக்கில் நேரத்தைக் குறைக்கும் அதே ஸ்பிரிங், மழைக்காலத்து நெடுஞ்சாலையில் பிரேக் தூரத்தை நீட்டிவிடலாம்.

வெட்டினால் போச்சு

இறக்குவதில் மலிவான வழி, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடுவது. இதைவிட ஆபத்தான சிக்கனம் வேறு இல்லை. ஆறு சுற்றுகள் வேலைசெய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். பழைய ஷாக் அப்சார்பர் அந்த விறைப்புக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. எழும் வேகத்தை அதனால் அடக்கமுடியாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் வாய்ப்புண்டு.

அளவோடு இறக்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை. இதில் காரை இறக்கினால் எடையின் மையம் இறங்குவது உண்மை. ஆனால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்த மையம் அதைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், சாய வைக்கும் நெம்புவிசையும் கூடுகிறது. ஸ்டியரிங் கம்பியின் கோணமும் மாறுவதால், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும். சுருக்கமாகச் சொன்னால், 25 மி.மீ. இறக்கி நல்ல பெயர் வாங்கிய கார், 60 மி.மீ. இறக்கினால் கெட்ட பெயர் வாங்கும்.

வேகத்தடை கணக்கு வேறு. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்கவேண்டும். 2018ல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர், தரைக்கும் வயிற்றுக்கும் 163 மி.மீ. விதிப்படி கட்டிய தடையில் இந்தக் கார் ஏறினால், மேட்டின் உச்சி நடு வயிற்றை நோக்கி சுமார் 45 மி.மீ. மட்டுமே நெருங்கும். 40 மி.மீ. இறக்கிய ஸ்விஃப்ட்கூடத் தப்பித்துவிடும். ஆனால் தெருக்காரர்கள் சிமென்ட் குழைத்துத் தாங்களே கட்டிய அரை மீட்டர் அகல மேடு, தன் முழு உயரத்தையும் வயிற்றுக்கு நேராகக் காட்டும். காரில் ஐந்து பேரும் டிக்கியில் பெட்டிகளும் இருந்தால் 123 மி.மீ. மேலும் சுருங்கும். அப்புறம் இடிபடுவது எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்ப்.

சக்கரத்தின் கணிதம்

சக்கரத்தைப் பெரிதாக்கும்போது காக்கவேண்டிய முதல் விதி: டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் மாறக்கூடாது. மாறினால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும், கியரின் கணக்கு தப்பும், ஏபிஎஸ் குழம்பும். மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது தொழிலில் உள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வரம்பு.

ஸ்விஃப்ட்டின் ஆரம்ப வகைகளில் வருவது 165/80 ஆர்14. அகலம் 165 மி.மீ., அதில் 80 சதவீதம் பக்கச்சுவர், 14 அங்குல ரிம். மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. உயர் வகையில் வரும் 185/65 ஆர்15-ன் விட்டம் சுமார் 621. அதற்கும் மேலே போய் 195/55 ஆர்16 போட்டாலும் 621தான். மூன்றும் ஒரே உயரம். வித்தியாசம் பக்கச்சுவரில். அது 132 மி.மீட்டரிலிருந்து 120 ஆகி, பிறகு 107 ஆகக் குறைகிறது. இன்னும் ஆசைப்பட்டு 205/45 ஆர்17 போட்டால் மிஞ்சுவது 92.

பக்கச்சுவர் குறைந்தால் டயர் நெளிவது குறையும், வளைவில் துல்லியம் கூடும். ஆனால் குழியின் அடியை வாங்கும் மெத்தையும் அதுதான். மெத்தை மெலிந்தால் அடி ரிம்முக்குப் போகிறது. இரும்பு ரிம் அடிபட்டால் பெரும்பாலும் வளையும், தட்டி எடுக்கலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடலாம். தினசரி ஓட்டத்துக்கு ஒரு அங்குலம் ஏற்றுவதோடு நிறுத்துவது விவேகம். அதுவும் தயாரிப்பாளரே அதே காரின் உயர் வகைக்குக் கொடுக்கும் அளவாக இருந்தால் நிம்மதி.

'அலாய் என்றால் லேசு' என்பது பாதி உண்மை. மலிவான 16 அங்குல அலாய், தொழிற்சாலையில் வந்த சிறிய ரிம்மைவிடக் கனமாக இருக்கமுடியும். சக்கரத்தின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. அந்த எடை கூடினால் ஷாக் அப்சார்பரின் பாடு திண்டாட்டம். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் சுழற்றி நிறுத்தவேண்டிய சுமையும் கூடுகிறது. வாங்குமுன் தராசில் வைத்துப் பார்ப்பது வெட்கப்படும் விஷயம் அல்ல.

ஆஃப்செட் என்பது அடுத்த பொறி. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்போடு பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. 45 இருக்கவேண்டிய இடத்தில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும். ரிம்மும் ஒரு அங்குலம் அகலமானால் வெளிவிளிம்பு ஏறக்குறைய 23 மி.மீ. துருத்தும். பார்க்க கம்பீரம்தான், ஆனால் ஃபெண்டரில் உரசும், பேரிங்கில் சுமை ஏறும், பிரேக் போட்டால் ஸ்டியரிங் இழுக்கும். போல்ட் துளைகள் பொருந்தினால் போதாது, நடுத்துளையும் ஹப்பில் கச்சிதமாக உட்காரவேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் நடுக்கம் கண்டுவிடும்.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் எழுத்தையும் படிக்க மறக்கக்கூடாது. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. டி எழுத்து மணிக்கு 190 கி.மீ. வரை, ஹெச் 210 வரை. கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணுக்கு இறங்குவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

டிராக் கேட்கும் வரிசை

டிராக்குக்குப் போக நினைப்பவர் முதலில் காயில் ஓவருக்குப் பணம் கொடுப்பது, அஸ்திவாரத்துக்கு முன்பே மாடி கட்டுவது போல. முதல் செலவு, தேய்ந்துபோன புஷ், பால் ஜாயின்ட், கசியும் ஷாக் அப்சார்பரைப் புதுப்பிப்பது. பழைய கார் 'ஓடவில்லை' என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாவது பிரேக். டிராக்கில் சில சுற்றுகளிலேயே பிரேக் ஆயில் கொதிக்கக்கூடும். புதிய டாட் 3 ஆயிலின் குறைந்தபட்ச கொதிநிலை 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் இவை முறையே 140, 155 என்று சரிந்துவிடும். கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகி, பெடல் தரைவரை போகும். அப்போது எந்த ஸ்பிரிங்கும் காப்பாற்றாது.

மூன்றாவது நல்ல டயர். நான்காவது அலைன்மென்ட். டிராக்கில் முன்சக்கரத்தின் மேல்பகுதியை இரண்டு, மூன்று டிகிரி உள்நோக்கிச் சாய்ப்பது வழக்கம். வளைவில் கார் சாயும்போது டயர் முழுதாகத் தரையில் படியும். அதே கோணத்தில் தினமும் அலுவலகம் போனால் டயரின் உள்விளிம்பு சீக்கிரமே கரைந்துவிடும். ரோட்டுக்கு ஒரு டிகிரிக்குள் போதும்.

இவ்வளவும் செய்தபிறகுதான் ஸ்பிரிங்கும் டாம்பரும். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்கள் வளைவில் மூக்கை வெளியே நீட்டும். முன் ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால் அந்தக் குணம் கூடும். பின்புற ஆன்டி-ரோல் பாரை சற்று விறைப்பாக்குவது பல சமயம் குறைந்த செலவில் நல்ல மருந்து. ஆனால் மருந்து கூடினால் ஈரச் சாலையில் வால் வெளியே வீசும். காயில் ஓவரில் உயரம், விறைப்பு இரண்டையும் திருகலாம். என்ன செய்கிறோம் என்று தெரிந்தவருக்கு அது கருவி. தெரியாதவருக்கு காரைக் கெடுக்க இன்னும் பல வழிகள்.

சட்டம் சும்மா இருக்காது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் காட்டிய சலுகையை ரத்து செய்து, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்துகளும் படிக்கவேண்டியவை. தனியார் கார் பாலிசிகளில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது என்கிறது அது. டிராக்கில் தடுப்பில் மோதினால் செலவு சொந்தக் கணக்கு. கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றத்தோடு சாலையில் விபத்து நேர்ந்தாலும் இழப்பீட்டில் வில்லங்கம் வரலாம்.

இதனால்தான் அனுபவசாலிகள் பலர் இரண்டு செட் சக்கரம் வைத்துக்கொள்கிறார்கள். தினசரிக்குக் கம்பெனி அளவு. டிராக்குக்குப் பிடிப்புள்ள டயர் பூட்டிய லேசான ரிம். டயர் சூடேறினால் காற்றழுத்தமும் ஏறும் என்பதால், குறைவாக நிரப்பிக்கொண்டு போய், சில சுற்றுக்குப் பின் அளந்து சரிசெய்கிறார்கள். வேட்கை அதற்கும் மேலே போனால், பழைய சிறிய காரொன்றை வாங்கி டிராக்குக்கென்றே ஒதுக்கி, டிரெய்லரில் ஏற்றிச் செல்வது உத்தமம். அதை எவ்வளவு இறக்கினாலும் பாதிப்பு ஓட்டுபவருக்கு மட்டுமே. வீட்டுக் காரில் பின் சீட்டில் உட்காருபவர்களை யாரும் கேட்டுவிட்டு ஸ்பிரிங் மாற்றுவதில்லையே.